"ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்": சபையில் பெண்களின் இடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க, வீட்டுக் கூட்டங்களில் ஜெபிக்க, பாடகர் குழுவை நடத்த, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி களைய என்று எல்லாவற்றுக்கும் பெண்கள் வேண்டும். பிரசங்க பீடம் என்று வரும்போது மட்டும் ஒரு வசனம் எடுத்து நீட்டப்படுகிறது. அந்த வசனத்தை நேர்மையாகப் படிக்க விரும்புகிறவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இங்கே. மேற்கோள்கள் எல்லாம் நம் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

போதனையைக் கேள்வி கேட்பதே அவிசுவாசம் ஆகாதா?

ஆகாது. பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள் (அப்போஸ்தலர் 17:11). அடுத்த வசனமே அங்கே விசுவாசித்தவர்களில் பெண்களைக் குறிப்பிடுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். மரியாள் இயேசுவின் "பாதத்தருகே" உட்கார்ந்து வசனத்தைக் கேட்டாள் (லூக்கா 10:39). பவுல் தான் கமாலியேலின் "பாதத்தருகே" வளர்ந்ததாகச் சொல்கிறார் (அப்போஸ்தலர் 22:3). பாதத்தருகே உட்காருவது என்பது மாணவர் ஆசிரியரிடம் கற்கும் நிலை. சமையலறையில் உதவிக்கு வரவில்லை என்று மார்த்தாள் முறையிட்டபோதும், மரியாள் உட்கார்ந்த இடத்திலிருந்து இயேசு அவளை எழுப்பவில்லை.

"உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" (1 தீமோத்தேயு 2:12). இவ்வளவு தெளிவாக இருக்கும்போது இன்னும் என்ன கேள்வி?

மிகக் கனமான வசனம் இதுதான். அவசரப்படாமல் நான்கு இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, "அமைதல்" என்ற சொல். 12-ஆம் வசனம் "அவள் அமைதலாயிருக்கவேண்டும்" என்று முடிகிறது. இதை "வாயைத் திறக்கக் கூடாது" என்று பிரசங்கிப்பது வழக்கம். ஆனால் பத்து வசனம் மேலே, 2-ஆம் வசனத்தில், ஆணும் பெண்ணுமாய் எல்லாரும் "அமைதலுள்ள ஜீவனம்" பண்ண வேண்டும் என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு இடத்திலும் "அமைதல்" என்றே போட்டு அந்த ஒற்றுமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கலகம் இல்லாத நிலைதான் பொருள். வாய் பேசாதிருக்க வேறொரு கிரேக்கச் சொல் உண்டு, அது கொரிந்தியரில் வருகிறது.

இரண்டாவது, "அதிகாரஞ்செலுத்த" என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் 'அவ்தென்தேயின்'. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரு இடத்தில்தான் அது வருகிறது. அதிகாரத்துக்குப் பவுல் வழக்கமாக எழுதும் சொல் 'எக்சூசியா'. அதை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தார்? அடக்கி ஆளுதல், தன்னிச்சையாக மேலேறுதல் என்ற சாயல் இதில் உண்டு என்று அறிஞர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். சாதாரண அதிகாரம்தான் என்று மறுசாரார் சொல்கிறார்கள். ஒரே தடவை வருகிற சொல்லின் மேல் பாதி சபையின் வாயைப் பூட்டுவது சரியில்லை என்பது எங்கள் தீர்மானம்.

மூன்றாவது, இடம். கடிதம் எபேசுவில் இருந்த தீமோத்தேயுவுக்குப் போகிறது (1:3), வேற்று உபதேசத்தைத் தடுப்பதற்காக. அந்த உபதேசக்காரர் விவாகத்தையே தடுத்தார்கள் (4:3). வீடுவீடாய்த் திரிந்து தகாததைப் பேசிய இளம் விதவைகளையும் கடிதம் குறிப்பிடுகிறது (5:13). இதே எபேசுவில்தான் பிரிஸ்கில்லாள் தன் கணவனோடு சேர்ந்து அப்பொல்லோவுக்கு "தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய்" விவரித்துக் காட்டினாள் (அப்போஸ்தலர் 18:26). அப்பொல்லோ சாதாரண ஆள் இல்லை, வேதாகமங்களில் வல்லவன். மூத்த கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த வசனத்தில் பிரிஸ்கில்லாள் பெயர்தான் முதலில் வருகிறது. பிற்காலப் பிரதிகளில் ஆக்கில்லா முன்னுக்கு வந்துவிட்டார். நம் பழைய மொழிபெயர்ப்பு பிற்காலப் பிரதிகளின் வழியில் வந்தது.

நான்காவது, சுற்றியுள்ள வசனங்கள். 8-ஆம் வசனம் ஆண்கள் கைகளை உயர்த்தி ஜெபிக்கச் சொல்கிறது. 9-ஆம் வசனம் பின்னல், பொன், முத்து வேண்டாம் என்கிறது. 15-ஆம் வசனம் பிள்ளைப்பேற்றையும் இரட்சிப்பையும் சேர்த்துப் பேசுகிறது. நகையைக் கழற்றி வைத்த பெந்தெகொஸ்தே சபைகள் 9-ஐ அப்படியே கைக்கொள்கிறார்கள்; அந்த நேர்மையை மதிக்க வேண்டும். தாலிச் செயினும் வளையலும் போட்டிருக்கிற சபையில் 9-ஐ "அந்தக் காலத்துக்கு" என்று கடந்துவிட்டு, 12-ஐ மட்டும் "எல்லாக் காலத்துக்கும்" என்று சொன்னால், ஏன் என்று கேட்கப் பெண்களுக்கு உரிமை உண்டு.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 13-ஆம் வசனத்தில் பவுல் "முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான்" என்று சிருஷ்டிப்பைக் காட்டுகிறார். அதனால் இது எபேசுவுக்கு மட்டும் உரியதல்ல என்கிறார்கள். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் அதே பவுல் சிருஷ்டிப்பு வரிசையைப் பேசிய இன்னொரு இடத்தில், "ஸ்திரீயானவள் புருஷனிலிருந்து தோன்றுகிறதுபோல, புருஷனும் ஸ்திரீயினால் தோன்றுகிறான்" என்று தானே சமன் செய்கிறார் (1 கொரிந்தியர் 11:12). இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அப்படியானால் 1 கொரிந்தியர் 14:34? அங்கே "பேசாமலிருக்கக்கடவர்கள்" என்றே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அதே கடிதத்தின் 11:5-இல் பெண்கள் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் பவுல் நடப்பதாகவே எடுத்துக்கொண்டு, தலை மூடுவதைப் பற்றி மட்டும் பேசுகிறார். மூன்று அதிகாரம் தள்ளி முழுமையாய் வாயடைத்தார் என்றால் அவரே அவரை மறுக்கிறார் என்றாகும்.

14-ஆம் அதிகாரத்தைத் தனியாக எடுத்து, "பேசாமல்" வருகிற இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். 28-ஆம் வசனம்: அர்த்தம் சொல்லுகிறவன் இல்லாவிட்டால் அந்நிய பாஷைக்காரன் பேசாமல் இருக்க வேண்டும். 30-ஆம் வசனம்: மற்றொருவனுக்கு வெளிப்பாடு வந்தால் முந்திப் பேசினவன் பேசாமல் இருக்க வேண்டும். 34-ஆம் வசனம்: ஸ்திரீகள். மூன்றுக்கும் மூலத்தில் ஒரே சொல். முதல் இரண்டும் அந்த நேரத்துக்கான ஒழுங்கு என்று எல்லா சபையும் ஒத்துக்கொள்கிறது. மூன்றாவதை மட்டும் ஆயுள் முழுவதற்கும் நீட்டுகிறோம்.

சில பழைய பிரதிகளில் 34, 35 வசனங்கள் இந்த இடத்தில் இல்லாமல் 40-க்குப் பிறகு வருகின்றன. அதனால் இவை ஓரக்குறிப்பாக இருந்து உள்ளே வந்தவை என்று கருதுவோர் உண்டு. அந்த முடிவுக்குப் போகாமலே மேலே சொன்ன வாசிப்பு நிற்கும்.

"ஏற்ற துணை" என்றால் உதவியாள் என்றுதானே பொருள்?

ஆதியாகமம் 2:18-இல் உள்ள எபிரெயச் சொல் 'ஏசேர்'. பழைய ஏற்பாட்டில் அது பெரும்பாலும் தேவனைக் குறித்தே வருகிறது. சங்கீதம் 33:20-இல் "அவரே நமக்குத் துணையும் நமக்குக் கேடகமுமானவர்" என்கிற இடத்தில் அதே சொல், தமிழிலும் அதே "துணை". நாம் மனப்பாடமாகச் சொல்லும் 121-ஆம் சங்கீதத்தின் "ஒத்தாசை"யும் அதுதான். கர்த்தர் நமக்குத் துணை என்பதால் அவரை நமக்குக் கீழானவர் என்று யாரும் சொல்வதில்லை.

கிறிஸ்து தேர்ந்த பன்னிரண்டு பேரும் ஆண்கள்தானே?

ஆம். பன்னிரண்டு பேரும் யூதர்களும்கூட. யூதர் அல்லாத ஆண்களைக் குருவாக்க நாம் தயங்கவில்லை.

ரோமர் 16-ஐ ஒரு முறை சத்தமாக வாசியுங்கள். பெபேயாள் கெங்கிரேயா சபைக்கு "ஊழியக்காரி". மூலச்சொல் 'தியாக்கோனோஸ்'. பிலிப்பியர் 1:1-இல் அதே சொல் "உதவிக்காரர்" என்று சபைப் பொறுப்பாக வருகிறது. பவுல் தன்னையும் அப்பொல்லோவையும் "ஊழியக்காரர்" என்று சொல்லும்போதும் அதே சொல்தான் (1 கொரிந்தியர் 3:5). "அம்மா ஊழியக்காரி, அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் இந்த மூன்றையும் காட்டலாம்.

7-ஆம் வசனத்தில் அன்றோனீக்கும் யூனியாவும் "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்". யூனியா பெண் பெயர். நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் அந்தப் பெண்ணை அப்போஸ்தலர் என்றே புகழ்ந்திருக்கிறார். 1927-இல் வந்த ஒரு முக்கியமான கிரேக்கப் பதிப்பு அந்தப் பெயரின் அழுத்தக் குறியை மாற்றி ஆண் பெயராக்கியது. அப்படி ஓர் ஆண் பெயர் பழைய கல்வெட்டுகளில் கிடைக்கவில்லை. 1998-இல் அந்தப் பதிப்பே மறுபடியும் பெண் பெயருக்குத் திரும்பியது. "அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர்கள்" என்று மொழிபெயர்க்கலாம் என்ற மறுப்பும் உண்டு. ஆனால் கிரேக்கத்தையே தாய்மொழியாகப் பேசிய கிறிசோஸ்தோம் அப்படிப் படிக்கவில்லை.

குடும்பத்தில் "கீழ்ப்படிதல்" பற்றி என்ன சொல்வது?

இந்த இடத்தில் நம் தமிழ் வேதாகமம் ஒன்றை மறைத்துவிடுகிறது. எபேசியர் 5:22-இல் மனைவிகளுக்கும், 6:1-இல் பிள்ளைகளுக்கும், 6:5-இல் வேலைக்காரருக்கும் தமிழில் ஒரே "கீழ்ப்படி". கிரேக்கத்தில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் ஒரு சொல். மனைவிகளுக்கு வேறு சொல். அந்த வேறு சொல் 5:21-இலிருந்து வருகிறது: "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." மிகப் பழைய பிரதிகளில் 22-ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே கிடையாது, 21-இன் வினை அங்கே தொடர்கிறது. 21-ஐ விட்டுவிட்டு 22-இல் தொடங்கும் திருமணப் பிரசங்கம் வாக்கியத்தைப் பாதியில் வெட்டுகிறது.

அடி வாங்கும் பெண்ணிடம் "தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார், பொறுத்துப் போ" என்று சொல்கிறார்களே?

மல்கியா 2:16-இன் முதல் பாதி அது. அதே வசனம் "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்" என்று தொடர்கிறது. அந்த வார்த்தை கொடுமை செய்கிற ஆணை நோக்கியது. அதை அடிபட்டவள் தலையில் இறக்குவது வேதத்தைப் புரட்டுவது.

செய்ய வேண்டியது: உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் பாதுகாப்பான இடம், பிறகு ஜெபம், பிறகு பேச்சு. இந்த வரிசை மாறக் கூடாது. பெண்கள் உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். வீடு யார் பேரில் இருந்தாலும் அதில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. மருத்துவச் சீட்டு, காயத்தின் படம், செய்திகள் இவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். பல இடங்களில் செய்கிற பெரிய தவறு, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து சமரசம் பேசுவது. அவன் எதிரில் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள். சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து வாங்குவாள்.

கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டம் 2001-இல் திருத்தப்படும் வரை கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவி கணவனின் விபசாரத்தோடு கொடுமை போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. இன்று கொடுமை ஒன்றே போதிய காரணம்.

எந்தச் சபையில் இன்று என்ன நிலை?

தென்னிந்தியத் திருச்சபையில் 1976-லிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு. 2013 செப்டம்பரில் புஷ்பலலிதா நந்தியால் திருமண்டலத்தின் பேராயரானார். அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். இங்கிலாந்துத் திருச்சபை 1994-இல் முதல் பெண் குருக்களையும் 2015-இல் முதல் பெண் பேராயரையும் கண்டது. 2025 அக்டோபரில் சாரா முல்லாலி கான்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார். ஆங்கிலிக்கன் உலகில் முதல் பெண் குரு ஆசியாவைச் சேர்ந்தவர்: ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய், 1944, போர்க்காலச் சீனா. நற்கருணை தர ஆண் குரு வர முடியாத நிலையில் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டும் என்பதை 1994-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உறுதிப்படுத்தினார். 2021 முதல் வாசகர், பீடப்பணியாளர் ஆகிய நிலையான பணிகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. பெண் திருத்தொண்டர் (டீக்கன்) பற்றி ஆராய 2016-லும் 2020-லும் குழுக்கள் அமைக்கப்பட்டன. மகதலா மரியாள் பாவியான பெண் என்ற எண்ணம் 591-இல் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் ஆற்றிய மறையுரையால் பரவியது. 2016-இல் மகதலா மரியாளின் நினைவுநாள் அப்போஸ்தலர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தப்பட்டது.

சகோதர (பிரதரன்) சபைகளில் பெண்கள் பொதுக் கூட்டத்தில் பேசுவதில்லை. 1924-இல் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனில் மணமாகாத பெண் ஊழியர்கள் முழுநேரப் பணியில் இருக்கிறார்கள்.

மாதவிலக்கு நாட்களில் நற்கருணை எடுக்கலாமா?

எடுக்கலாம். பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஸ்திரீ தொட்டபோது இயேசு தீட்டானேன் என்று சொல்லவில்லை, "மகளே" என்று அழைத்தார் (மாற்கு 5). தடுக்கக் கூடாது என்று முதலாம் கிரகோரியாரின் பதில்களிலேயே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

முக்காடு?

மனசாட்சிக்கு விட்டுவிடுங்கள். போட்டவளையும் போடாதவளையும் வாசலில் நின்று அளக்க வேண்டாம். முக்காடு போட்டுக்கொண்டு பேசலாம் என்பதுதான் 1 கொரிந்தியர் 11:5 காட்டும் நிலை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இது மேல்நாட்டுப் பெண்ணியம் இல்லையா?

பாளையங்கோட்டைக்கு வாருங்கள். மராத்திய பிராமண விதவையான கிளாரிந்தா அங்கே 1778-இல் மிஷனெரி சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஓர் ஆங்கில அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்தார் என்பதற்காக அதற்கு முன்பு அவருக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. 1780-இல் திருநெல்வேலித் திருச்சபையின் முதல் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் அவருடையது. அவர் முன்நின்று எழுப்பிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. திருநெல்வேலி சபையின் வரலாறு ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்குகிறது.

இதைச் சபையில் எப்படி எடுத்துப் பேசுவது?

ஆறு வாரம் வையுங்கள், வாரம் ஒரு மணி நேரம், எட்டு முதல் பன்னிரண்டு பேர். ஆண்கள் மூன்று நான்கு பேராவது இருக்கட்டும். பெண்கள் மட்டும் கூடினால் "பெண்கள் சங்கத்துக்காரங்க கிளப்பின பிரச்சினை" என்று ஒதுக்கிவிடுவார்கள். முதல் வாரம் 1 தீமோத்தேயுவின் ஆறு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள், அரை மணி நேரத்துக்குள் முடியும். விவாதம் வேண்டாம். இரண்டாம் வாரம் 2-ஆம் அதிகாரம், மூன்றாவது 1 கொரிந்தியர் 11, 14, நான்காவது எபேசியர் 5, ஐந்தாவது ரோமர் 16. பழைய மொழிபெயர்ப்பையும் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஆறாவது வாரம் மாற்றுக்கருத்துள்ள ஒருவரை அழைத்து முழுதாகப் பேச விடுங்கள்.

பிறகு சேகரக் கமிட்டிக்கு (சபை நிர்வாகக் குழுவுக்கு) எழுத்தில் ஒரே ஒரு கோரிக்கை கொடுங்கள்: மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு பெண் பிரசங்கிக்கட்டும், அல்லது கமிட்டியில் இன்னின்ன பொறுப்பு பெண்ணுக்கு. ஐந்து கோரிக்கையைச் சேர்த்துக் கொடுத்தால் மிக எளிதாக மறுக்கக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் தள்ளிவிடுவார்கள். சபைத் தேர்தல் நெருங்கும் மாதங்களில் கொடுக்காதீர்கள், எந்த அணிக்காக என்றுதான் பார்ப்பார்கள். ஐயரோடு (சபைக் குருவானவரோடு) ஏற்கெனவே மனஸ்தாபம் உள்ளவர் கையெழுத்து முதலில் இருக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் தொடங்கவே வேண்டாம்.

நம் பக்கம் நின்று சொல்லக் கூடாத வாதங்கள் உண்டா?

உண்டு. "கொரிந்துவில் பெண்கள் மறுபக்கம் உட்கார்ந்து கத்திக் கேள்வி கேட்டார்கள்" என்பது பிரசங்கங்களில் அடிக்கடி வரும். அதற்கு ஆதாரம் கிடையாது, அந்தச் சபை கூடியது வீடுகளில். புருஷன் மனைவிக்குத் தலை என்கிற வசனத்துக்கு (எபேசியர் 5:23) "தலை என்றால் ஊற்று என்றுதான் பொருள்" என்பது இன்னும் தீராத சர்ச்சை. அதன் மேல் முழு பாரத்தையும் வைத்தால் ஒரு அகராதியைக் காட்டி உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். "பவுல் பெண்களை வெறுத்தவர்" என்பது ரோமர் 16-ஐப் படிக்காதவர் சொல்வது. "அதெல்லாம் அந்தக் காலம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்தக் காரணத்தால் அந்தக் காலத்துக்குரியது என்று வசனத்திலிருந்தே காட்ட வேண்டும்.

பெண் குருவானவரை எப்படி அழைப்பது? "ஐயரம்மா" என்றால் ஐயருடைய மனைவி என்று ஆகிவிடுகிறதே?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இந்தக் குழப்பம் நிஜமாகவே வருகிறது. குருவாக வந்தவரை ஐயரம்மா என்று கூப்பிட்டுவிட்டு, "ஐயர் எங்கே?" என்று அவர் கணவரைத் தேடுகிறார்கள். "போதகர்", "ஆயர்", "குருவானவர்" மூன்றும் தமிழில் இருபாலுக்கும் பொருந்தும் சொற்கள். நேரில் "ஆயரம்மா" அல்லது "அம்மா", அழைப்பிதழிலும் அறிவிப்புப் பலகையிலும் ஆண் குருவுக்குப் போடுகிற அதே "அருட்திரு", அதே அளவு எழுத்தில்.